பேட்டரி இல்லாத நிச்சயதார்த்தம்

கணக்குத் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவனிடம் வீட்டுக் காரியம் எதையும் ஒப்படைக்காதீர்கள். பொறாமையில் சொல்லவில்லை, அந்தப் பெயரை எடுத்தவனே நான்தான். பரவை மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். தக்காளி லாரி வந்து நிற்கும்போதே எவ்வளவு அழுகல் என்று மோந்து பார்த்துச் சொல்லிவிடுவேன் (என்று நானேதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்). அப்பா இறந்த பிறகு வீட்டில் ஒரு மிக்சி வாங்குவதென்றாலும், "அண்ணன்கிட்ட கேளுங்க, அது கணக்குப் போட்டுச் சொல்லும்" என்பாள் என் தங்கை கவிதா. அவள் என்மேல் வைத்த நம்பிக்கைக்கு நான் என்ன கைம்மாறு செய்தேன் என்பதுதான் விஷயம்.

மண்டியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விற்கிறவன் விலையைச் சொல்லி முடித்த பிறகு, வேறு எது சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது. "விடியக்காலம் பறிச்ச காய்ண்ணே" என்பான். "ஒட்டன்சத்திரத்துல இதைவிடக் கூடப் போகுதுண்ணே" என்பான். எல்லாம் விலையைக் கூட்டுவதற்கான பேச்சு. கையை உயர்த்தி அவனை நிறுத்திவிட்டு நாம் நம் விலையில் நிற்க வேண்டும். இந்தப் பழக்கத்தை மண்டியிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

மூன்று வருடங்களுக்கு முன்னால், வீட்டு மாடியில் சோலார் போட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. கோடையில் வரும் கரண்ட் பில் அப்படி. இஸ்திரி கலையாத சட்டையோடு ஒரு சோலார்க்காரர் வந்தார். பேனல் மட்டும் போட்டால் ஒரு விலை, பேட்டரியோடு போட்டால் ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு விலை என்றார். நான் தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அரசாங்க மானியத்தைக் கழித்து, பில்லில் மிச்சமாவதைக் கூட்டினால், பேனலுக்குப் போட்ட காசு சில வருடங்களில் திரும்பிவிடும். பேட்டரிக்குப் போட்ட காசு திரும்புவதற்குள் பேட்டரியே செத்துப்போகும். ஆகவே பேட்டரி வேண்டாம். இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் அந்தக் கணக்கில் ஒரு தப்பு கிடையாது. தப்பில்லாத கணக்கைப் போட்டுத்தான் நான் நாசமாய்ப் போனேன்.

"பேட்டரி இல்லைன்னா, கரண்ட் போறப்ப இதுவும் சேந்து நின்னுரும்ண்ணே" என்றார் சோலார்க்காரர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. விலையைச் சொல்லிவிட்டு இப்போது காய் விடியக்காலம் பறித்தது என்கிறார். ராத்திரியில் நிற்கும், சரி. பகலில், அதுவும் மதுரை வெயிலில், தலைக்குமேல் சூரியன் எரிந்துகொண்டிருக்கும்போது எப்படி நிற்கும்? அவர் ஏதோ விளக்க வந்தார். கையை உயர்த்தி நிறுத்திவிட்டேன்.

பேனல் மாட்டிய சில நாட்களில், ஒரு மத்தியானம் தெரு முழுக்கக் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் மட்டும் ஃபேன் ஜம்மென்று சுற்றியது. மாடிப்படிக்குக் கீழே பல வருடங்களாக ஒரு பழைய இன்வெர்ட்டர் இருந்தது. சுற்றியது அதன் புண்ணியத்தில்தான் என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. சூரிய பகவானைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதோடு நிற்காமல், இனி இது எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று அந்த இன்வெர்ட்டரையும் அதன் பேட்டரியையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். அந்தக் காசையும் சோலாரால் வந்த மிச்சம் என்றே கணக்கில் சேர்த்தேன். என்னைவிடக் கெட்டிக்காரன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன்.

இனி கவிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கக் கூடாது. நாமாகப் பிரியப்பட்டுச் செய்வது வேறு, அவர்கள் வாய் திறந்து கேட்பது வேறு என்பாள். நல்ல இடம் என்று நாங்கள் கொண்டுவந்த இரண்டு வரன்களை, ஒன்றை வண்டி கேட்டதற்காகவும் இன்னொன்றை நகையின் எடை கேட்டதற்காகவும் தட்டிவிட்டாள். சொந்தக்காரர்கள் அவளுக்குத் திமிர் என்றார்கள். அவள் அசையவில்லை.

அப்போதுதான் எழுமலை என்கிற ஊரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. அவருடைய அப்பா விவசாயி, நன்றாகப் பேசக்கூடியவர். எழுமலை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தோம். "எங்களுக்கு ஒண்ணும் வேணாம்த்தா. பொண்ணை மட்டும் குடுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கவிதாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்ப்பவர்களிடமெல்லாம், கேட்காத வீடும் இருக்கத்தான் செய்கிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நிச்சயதார்த்தத்தை மண்டபத்தில் வைக்கலாம் என்றாள் அம்மா. நான் விடவில்லை. வீட்டிலேயே வைத்தால் மண்டப வாடகை மிச்சம். அந்த மிச்சத்தில் ஹாலுக்கு ஏசி வாங்கி மாட்டிவிடலாம். ஏசி ஓடச் சூரியன் இருக்கிறது. எப்பேர்ப்பட்ட திட்டம் பாருங்கள். தேதிக்கு இரண்டு நாள் முன்னால் பேப்பரில் அறிவிப்பு வந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் அன்றைக்குக் காலை பத்து மணியிலிருந்து சாயந்திரம் வரை மின்தடை. இன்வெர்ட்டரை எடைக்குப் போட்ட பிறகு வரும் முதல் பகல் மின்தடை அது. ஒரு ஜெனரேட்டர் வாடகைக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள் என் மனைவி சுமதி. மாடியில் மின்சார நிலையத்தையே வைத்துக்கொண்டு ஜெனரேட்டரா என்று அவளைக் கேலி செய்தேன். அதோடு, எழுமலை மாமாவுக்கு போன் போட்டு, ஊரே இருண்டாலும் எங்கள் வீட்டில் கரண்ட் போகாது, தைரியமாக வாருங்கள் என்றும் சொன்னேன். (அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன்.)

வைகாசி வெயில். அவர்கள் வேனில் வந்து இறங்கியபோது கரண்ட் இன்னும் இருந்தது, ஏசி ஓடியது. குளிர் வெளியே போய்விடக் கூடாதென்று எல்லா ஜன்னலையும் நானே என் கையால் சாத்தினேன். பட்டுப்புடவைகளும் மல்லிகைப்பூவுமாக ஹால் நிறைந்துவிட்டது. நான் எழுமலை மாமாவை மாடிக்கு அழைத்துப் போய்ப் பேனல்களைக் காட்டினேன். செலவு, மிச்சம், எத்தனை வருடத்தில் முதல் திரும்பும் என்று ஒன்று விடாமல் விளக்கினேன். அவர் துண்டால் தலையை மூடிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"இம்புட்டு வெயில் எங்க ஊர்லயும் சும்மாதான் காயுது மாப்ள" என்றார்.

எதிர்த்த வீட்டு மோட்டார் ஓய்ந்தது. பார்த்தீர்களா, ஊரில் கரண்ட் போய்விட்டது, இனிமேல் நம் வீட்டில் மட்டும்தான் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, படியில் சுமதி ஏறி வந்தாள். கீழே ஏசி, ஃபேன் எல்லாம் நின்றுவிட்டது என்றாள்.

அதற்கடுத்து நான் செய்தவற்றை எழுதக் கை கூசுகிறது. மெயின் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டேன். தூசியாக இருக்கும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்க்க, பேனல்களை ஈரத்துணியால் துடைத்தேன். கண்ணாடி சுட்டு விரல் கொப்புளித்தது. கீழே அடைத்த ஹாலுக்குள் ஒரு குழந்தை வீறிட்டது. யாரோ தாம்பாளத்தாலேயே விசிறிக்கொண்டார்கள். ஐஸ்கிரீம் பாயசமானது. கடைசியில் சோலார்க்காரருக்கு போன் போட்டேன். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அன்னைக்கே சொன்னேன்லண்ணே" என்றார் அவர். "லைன்ல கரண்ட் இல்லைன்னா அது தானா நின்னுரும். கம்பத்துல ஏறி வேலை பாக்குறவரு மேல உங்க வீட்டு கரண்ட் பாஞ்சிரக் கூடாதுல்ல. பேட்டரியோட போட்டிருந்தா உங்க வீடு தனியா ஓடிருக்கும். நீங்கதான் கையைத் தூக்கிட்டீங்க."

எழுமலை மாமா பக்கத்தில்தான் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

நல்ல நேரம் முடிவதற்குள் தட்டு மாற்ற வேண்டும் என்று எல்லோரும் வேர்த்து வடிந்துகொண்டு உட்கார்ந்தோம். பேச வேண்டியது ஏதாவது இருந்தால் சபையில் பேசிவிடுங்கள் என்று ஒரு பெரியவர் வழக்கம்போலக் கேட்டார். வழக்கம்போல ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும். எழுமலை மாமா தொண்டையைச் செருமினார்.

"நாங்க ஒண்ணும் கேக்குறதா இல்லைன்னுதான் வந்தோம். ஆனா எங்க ஊர்ல மத்தியானம் கரண்டு நிக்கிறதே இல்ல. உங்க பொண்ணு இந்த மாதிரி வெந்து கிடக்கக் கூடாது பாருங்க. ஒரு சோலார் மட்டும் போட்டுக் குடுத்துருங்க. பேட்டரியோட."

நாலைந்து தலைகள் ஆடின. பெண்ணுக்குத்தானே செய்கிறோம் என்றது ஒரு குரல், அதுவும் எங்கள் பக்கத்திலிருந்து. மாப்பிள்ளை தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள் அறை வாசலில் நிலையைப் பிடித்தபடி கவிதா நின்றாள். அவள் என்னைத்தான் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. எந்த வியாபாரியின் முன்னாலும் கூசாமல் உயரும் என் கை அன்றைக்கு உயரவில்லை. அவ்வளவு பேருக்கு முன்னால் கோமாளியாக நின்றவனுக்கு, அந்த அவமானத்திலிருந்து எப்படியாவது வெளியே வந்தால் போதும் என்றிருந்தது. சரி மாமா என்றேன். தட்டு மாறியது.

ராத்திரி கவிதா என்னிடம் வந்தாள். அழவில்லை.

"அவங்க கேட்டாங்க, நீ சரின்னுட்ட. இதுல எனக்கு எது பெருசா வலிக்கும்னு கணக்குப் போட்டுச் சொல்லுண்ணே" என்றாள்.

கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்கும் தைரியம்கூட எனக்கு இல்லை. அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. எங்கள் எல்லோருக்கும் அதுவே வசதியாகப் போனது.

இப்போது எழுமலையில், மண்டியில் நான் கடன் வாங்கிப் போட்டுக் கொடுத்த சோலாரும் பேட்டரியுமாக, அந்த வீடு ஜொலிக்கிறது. எங்கள் பகுதியில் மின்தடை என்று பேப்பரில் வந்தால் போதும், மாமாவிடமிருந்து போன் வந்துவிடும். இங்கே வந்து உட்காருங்கள் மாப்ள, ஏசி ஓடுது என்பார். போனால், நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேனல் துடைத்ததை வந்தவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டுவார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் கெட்டவர் இல்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

கவிதா மட்டும் அவள் அறையில் ஏசி போடுவதில்லை. போன கோடையில் மாமா அவளிடம், இந்த வெக்கையில் ஏன்த்தா ஏசி போடாமல் கிடக்கிறாய் என்று கேட்டாராம்.

"கேட்டது நீங்கதான மாமா. நீங்க போட்டுக்கங்க" என்றாளாம் அவள்.

அதை அவர் ஒரு நல்ல நகைச்சுவை என்று நினைத்து, என் மருமகளுக்கு வாயைப் பாருங்கள் என்று இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.