காருக்கு வால் வைத்தேன்

காற்றை இனி மன்னிப்பதில்லை என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வைத்துத் தீர்மானித்தேன். சாமியார் அப்போது பகைவரை மன்னிப்பது பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்.

என் கார் லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் ஓடியது. விற்றவர் இருபது என்று சொல்லித்தான் தலையில் கட்டினார். மீதி ஆறைத் தின்பது யார்? மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் நான். எனக்குத் தெரியாதா? காற்று. முன்பக்கம் வந்து தள்ளுகிறது. பின்பக்கம் சுழன்று பிடித்து இழுக்கிறது.

இதை என் மனைவி ஆனந்தமேரியிடம் விளக்கினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"காத்து இல்லைங்க. உங்க வலது காலு. ஆளில்லாத ரோட்டுல எதுக்கு அம்புட்டு பிரேக்கு?"

"வண்டி ஓட்டத் தெரியாதவங்க அதப்பத்திப் பேசக் கூடாது."

"லைசென்ஸ் எடுத்து மூணு வருசமாச்சு. சாவியக் குடுத்தாத்தான ஓட்ட முடியும்?"

மூன்று வருடமாகச் சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அவள் கேட்கும்போதெல்லாம், "உன் கைக்கு வந்தா மைலேஜ் விழுந்துரும்" என்று சொல்லித் தப்பித்து வந்தேன். உண்மைக் காரணம் வேறு. அவள் என்னைவிட நன்றாக ஓட்டுவதாக டிரைவிங் ஸ்கூல்காரர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

"சரி, இருபது வர வச்சுக் காட்டுங்க. அப்புறம் ஆயுசுக்கும் சாவியப் பத்திப் பேச மாட்டேன். வரலைன்னா சாவி எங்கிட்ட."

"சம்மதம்."

"நாளும் ரோடும் நாஞ் சொல்றதுதான்."

"என்னிக்குப் போனாலும் காத்து ஒண்ணுதான்," என்றேன். விஞ்ஞானிகள் பெருந்தன்மையில்தான் அழிகிறார்கள்.

வேலை தொடங்கியது. முன்பக்கக் கம்பி வலையை அட்டையால் மூடினேன். எடையைக் குறைக்கப் பின்சீட்டைக் கழற்றி மாடியில் போட்டேன். சக்கரங்களின் பள்ளத்தில் காற்று புகாமலிருக்க, நான்கு எவர்சில்வர் தாம்பாளங்களைத் துளையிட்டு நான்கு சக்கரத்திலும் முடுக்கினேன். எங்கள் கல்யாணத்துக்கு வந்த தாம்பாளங்கள். 'அன்பளிப்பு: சவரிமுத்து குடும்பத்தினர்' என்று எழுத்து வெட்டியிருந்தது.

"எங்க பெரியப்பா பேரு ரோட்டுல உருளப்போகுது," என்றாள்.

"விஞ்ஞானத்துக்கு அவரோட பங்களிப்பு."

கடைசியாக வால். காருக்குப் பின்னால் நாலடி நீளத்துக்குக் குறுகிக்கொண்டே போய் முடிய வேண்டும். மூங்கிலில் சட்டம் கட்டினேன். அதன்மேல் விளம்பரப் பலகைக்குப் பயன்படுகிற பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்த வேண்டும். நீல ஷீட் வாங்கி வந்திருந்தேன். ஆனந்தமேரி வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

"வெள்ளைதான் நல்லாருக்கும். வெயில் ஏறாது."

அது சரியாகப் பட்டது. மாற்றி வாங்கினேன்.

மறுநாள், "மூங்கில் மெலிசா இருக்கே, காத்து முறிச்சுராது?" என்றாள். தடித்த மூங்கிலாகப் போட்டேன்.

அதற்கும் மறுநாள், "மேல ரெண்டடிக்கு மட்டமா விட்டு, அப்புறம் சரிவு குடுங்க. எடுத்த எடுப்புலயே சரிவுன்னா காத்து சறுக்கி விழுந்துராதா?" என்றாள்.

காற்று சறுக்கி விழுமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். விழாது என்று நிரூபிக்க முடியவில்லை. மட்டமாக விட்டேன். இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் இயற்பியலில் காட்டிய முதல் ஆர்வம் அது. எனக்குக் கண் கலங்கியது.

பக்கத்து வீட்டு அல் அமீன் பாய் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என்ன சார், பிரியாணிக் கடை போடப்போறீங்களா?"

"இது காத்தக் கிழிக்கும் பாய்."

"கிழிச்சா தைக்க ஆளிருக்கா?"

உலகம் இப்படித்தான்.

ஆனந்தமேரி குறித்தது அடுத்த வெள்ளிக்கிழமை, உள்ளூர் விடுமுறை. பாதை, எரியோட்டைத் தாண்டி இருக்கிற அவள் அம்மா ஊர். திண்டுக்கல் பங்கில் கழுத்துவரை பெட்ரோல் போட்டு, வரும் வழியில் எரியோட்டில் திரும்பவும் கழுத்துவரை போட்டு அளப்பது என்று பேச்சு.

கிளம்பினோம். கார் வழுக்கிக்கொண்டு போனது. வால் மறைத்ததால் பின்னால் எதுவும் தெரியவில்லை. பக்கக் கண்ணாடிகளையும் மடக்கியிருந்தேன். அவையும் காற்றைத் தடுக்கும்.

"பின்னால என்ன வருது, சொல்லு."

ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தாள். "ஒரு டவுன் பஸ்சு. அதுல எல்லாரும் ஒரே பக்கம் எட்டிப் பாக்குறாங்க."

"பாக்கட்டும். இன்னிக்கு இருபத்தி ரெண்டே வரும் போலருக்கு."

"வரட்டும்ங்க," என்று ஜெபமாலையை எடுத்தாள். எனக்காக வேண்டுகிறாள் என்று நினைத்தேன்.

அவள் ஊர் எல்லையில் திரும்பியதும் வெடி வெடித்தது. டயர் என்று பயந்து பிரேக்கை மிதித்தேன். டயர் இல்லை. பத்தாயிரம் வாலா. அதையடுத்து பேண்டு வாத்தியம். நூறு பேர் கார் முன்னால் நின்றார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் மைத்துனன் ரொனால்டு ஓடி வந்தான். அந்தோணியார் கோயில் திருவிழாக் கமிட்டிச் செயலாளர் அவன்.

"வாங்க மாமா! சரியா ஒம்பது மணிக்கு வந்துட்டீங்க. டேய், சாமியத் தூக்கிட்டு வாங்கடா!"

"எந்தச் சாமிய?"

"அந்தோணியாரத்தான். இன்னிக்குக் கொடியேத்தம்ல. தெருப் பவனி போயிட்டுத்தான கொடியேத்துவோம்."

இரண்டடிச் சொரூபம் வந்தது. என் வாலின் மேல் மட்டமாக விட்டிருந்த இடத்தில் உட்கார்ந்தது. அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. வெள்ளை ஷீட்டில் செவ்வந்தி மாலைகள் எடுப்பாகத் தெரிந்தன.

"ஏய், இது சோதனை ஓட்டம்," என்று ஆனந்தமேரியின் காதில் சொன்னேன்.

"ஊரு மாப்பிள்ளை நீங்க. சாமிய ஏத்தினப்புறம் எறக்கச் சொல்லுவீங்களா? மொதல் கியருல போங்க."

மொத்தம் பதினொரு தெரு. நடந்து போகிறவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வீடு நிறுத்தம். நேர்ச்சைக்கு உப்பும் மிளகும் அள்ளி வீசினார்கள். பாதி அந்தோணியாருக்கு, பாதி ஜன்னல் வழியாக எனக்கு. நான் தும்மினேன். பேண்டுக்காரர்கள் அதற்கும் ஒரு தாளம் போட்டார்கள்.

"செத்த நில்லுப்பா, மாலை கட்டி முடிக்கல," என்றாள் பேச்சாயி என்கிற பூக்காரம்மா. கால் மணி நேரம் நின்றோம். எஞ்சினை அணைக்கப் போனேன்.

"அணைச்சுராதீங்க மாமா!" என்று ரொனால்டு கத்தினான். "மைக்குக்கும் சீரியல் பல்புக்கும் உங்க பேட்டரியிலதான் கரண்ட் எடுத்திருக்கோம்."

பகல் பத்து மணிக்குச் சீரியல் பல்பு எரிந்தது. பெட்ரோல் முள் என் கண் முன்னாலேயே இறங்கியது. பதினெட்டு, பதினாறு, பன்னிரண்டு என்று மனசுக்குள் மைலேஜைக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டேன்.

பவனி முடிந்து, கொடி ஏறி, சாப்பாட்டுப் பந்தியில் ரொனால்டு எனக்குக் கறி அள்ளி வைத்தான்.

"நல்லவேளை மாமா. வருசா வருசம் சப்பர வண்டிக்கு அலையுறோம். அக்காதான் பத்து நாளு முன்னாடியே போன் பண்ணிச்சு. 'வண்டி பேசாதீங்கடா, உங்க மாமா ஒண்ணு கட்டுறாரு, அந்தோணியார் அடிப்பீடம் எத்தன அடின்னு மட்டும் அளந்து சொல்லு'ன்னு."

எடுத்த கறியை இலையிலேயே திரும்ப வைத்தேன். எதிர்ப் பந்தியில் ஆனந்தமேரி ரசத்துக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

எரியோடு பங்கில் அளந்தோம். லிட்டருக்கு ஏழு. ஆனந்தமேரி உள்ளங்கையை மட்டும் நீட்டினாள். மூன்று வருடச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அதில் இரண்டு மிளகு ஒட்டியிருந்தது.

"சரி, ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து சொல்லித் தாரேன்."

"பக்கத்துலதான் அம்மா இருக்காங்களே."

உண்மை. ஊரிலிருந்தே என் மாமியார் எங்களோடு ஏறியிருந்தார். ஒரு வாரம் எங்கள் வீட்டில் தங்க வருகிறார். அதுவரை நான் ஓட்டிக்கொண்டிருந்ததால் இட நெருக்கடி புரியவில்லை. ஆனந்தமேரி, பின்சீட்டு இருந்த வெறுந்தரையில் தாம்பூலப் பைகளோடு உட்கார்ந்து வந்திருந்தாள்.

"நீ இம்புட்டு தூரம் பின்னால உக்காந்து வந்தேல்ல? நானும் அப்படியே…"

"நான் அம்பத்தி நாலு கிலோ. நீங்க எம்பத்தேழு. எடை கொறையணும்னு பின்சீட்டையே கழட்டுன ஆளு நீங்க. அம்மாவ பஸ்ல அனுப்பச் சொல்றீங்களா?"

பஸ்ஸில் வந்தேன். நின்றுகொண்டு வந்தேன். தலையிலிருந்து உப்பு உதிர்ந்துகொண்டே வந்தது. திண்டுக்கல் எல்லையில் மலைக்கோட்டை கண்ணில் படும்போது போன் அடித்தது.

"இங்க பங்குல போட்டுப் பாத்துட்டேங்க. இருபத்தொண்ணு."

பஸ் என்றும் பாராமல் கத்தினேன்.

"பாத்தியா! வாலு வேலை செய்யுது! நான் சொன்னேன்ல!"

"வாலு, தட்டு, அட்டை எல்லாம் காலைல இருந்த மாதிரியேதான் இருக்கு," என்றாள் ஆனந்தமேரி. "நான் எறக்கி விட்டது ஒரே ஒரு சாமானத்தத்தான்."