ஸ்தமாதிஸ் நடத்திய உயிரியல் வகுப்பு

"மைட்டோகாண்ட்ரியா என்ன வேலை செய்யும், ஸ்தமாதிஸ்?" என்று எவந்தியா கேட்டபோது ஸ்தமாதிஸின் வாயில் ஒரு ஆலிவ் இருந்தது. அதைக் கொட்டையோடு விழுங்கிவிட்டான்.

அவன் மனைவி எவந்தியா தையற்காரி. ஐம்பத்திரண்டு வயதில் பள்ளியிறுதிச் சான்றிதழ் மேல் ஆசை வந்து, ஜூன் மாதம் தனித்தேர்வராகப் பரீட்சை எழுதப்போவதாகச் சொன்னாள். வீட்டில் படித்தவர் ஒருத்தர் இருக்கும்போது டியூஷன் எதற்கு என்றும் சொல்லிவிட்டாள்.

அந்தப் படித்தவர் ஸ்தமாதிஸ்தான். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்பு பெண் கேட்கப் போன இடத்தில் மாமனார் முகம் சுளிக்க, பள்ளியிறுதி முடித்தவன் என்று அவன் ஒரு பொய்யைச் சொல்லிவைத்தான். உண்மையில் பதினாறு வயதில் படிப்பை விட்டு எண்ணெய் ஆலைக்குள் போனவன். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். பொய் மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது. இப்போது அது தெரிந்தால் எவந்தியா தன்னை எப்படிப் பார்ப்பாள் என்பதுதான் அவனுக்கிருந்த ஒரே பயம்.

மற்ற பாடங்களில் சிக்கல் இல்லை. கையில் ஊசி இருப்பதால் புத்தகம் பார்க்க முடியாது என்பாள். வரலாறும் இலக்கணமும் அவன்தான் உரக்கப் படித்துக் காட்டுவான். கணக்கை அவன் போட, அவள் தலையாட்டுவாள். உயிரியலில் மட்டும் புத்தகத்தைக் கையில் கொடுக்காமல் கேள்வி கேட்டாள். அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் கிரேக்கர்கள். உயிரியல் புத்தகத்தைத் திறந்தால் எல்லாம் எங்கள் வீட்டுச் சொற்கள். ஊர் உலகத்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து திண்டாடும் வார்த்தைகளை எங்கள் மீன்காரன்கூடப் பிரித்துப் பொருள் சொல்லுவான். சொல்லுக்குப் பொருள் தெரிந்தால் விஷயமே தெரிந்த மாதிரி ஒரு மிதப்பு வந்துவிடும். ஸ்தமாதிஸுக்கும் வந்தது.

"சொல்லுலயே இருக்கே. மீதோஸ்னா நூல். கோந்த்ரோஸ்னா குருணை. நூல் நூற்கிற குருணை. உடம்புல எங்கயாவது கிழிஞ்சா அதுதான் தைக்கும்."

தையற்காரிக்கு இது பிடித்துப்போயிற்று, நோட்டில் எழுதிக்கொண்டாள். குரோமோசோமில் குரோமா என்கிற நிறமும் இருக்கிறது, சோமா என்கிற உடம்பும் இருக்கிறது. ஆகவே வெயிலில் நாம் கறுப்பது அதனால்தான் என்றான். செல் தானாகச் செத்துப்போவதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர். அது இலை உதிர்வதைச் சொல்லும் பழைய சொல். அதனால் இலையுதிர் காலத்தில் மட்டும்தான் நடக்கும் என்றான்.

"ஆலிவ் மரம் உதிர்றதில்லையே?" என்றாள்.

"அதனாலதான் எண்ணெய் நிறைய ஊத்திக்கச் சொல்றாங்க."

மறுநாள் காலை புத்தகத்தோடு வந்து நின்றாள். மைட்டோகாண்ட்ரியா சக்தி கொடுக்கிறது என்று போட்டிருக்கிறது, தையலைக் காணோமே என்றாள். தைக்கச் சக்தி வேண்டாமா என்று சமாளித்தான். அப்படியானால் முழுப் பாடத்தையும் முதலிலிருந்து நடத்து என்றாள். அவள் முகத்தில் சந்தேகத்தின் சாயலே இல்லை. அதுதான் அவனை வதைத்தது. தன்னை நம்பி ஒருத்தி, பரீட்சைத் தாளில் வெயிலில் கறுப்பதைப் பற்றி எழுதப்போகிறாள்.

பழைய புத்தகக் கடையில் அதே பாடப் புத்தகத்தை ரகசியமாக வாங்கினான். மே மாதத்தில் ஆலை சும்மா கிடக்கும். எண்ணெய்த் தகரங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, உதடு அசைய அசையப் படித்தான். அங்கேதான் கூட வேலை செய்யும் லூகாஸிடம் கையும் களவுமாகச் சிக்கினான். திறந்திருந்த பக்கத்தில் ரத்தச் செல்களின் படம். கீழே 'செல்லின் மரணம்' என்று தலைப்பு. ஸ்தமாதிஸ் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, லூகாஸின் கையைப் பிடித்தான்.

"எவந்தியாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்டா."

அவ்வளவுதான். ரத்தத்தில் ஏதோ வியாதி, ஸ்தமாதிஸ் ரொம்ப நாள் தாங்கமாட்டான் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

மாலைக்குள் மூன்று வீடுகளிலிருந்து எலுமிச்சை பிழிந்த கோழி சூப் வந்தது. காபிக் கடையில் பகடை உருட்டும்போது அவனை வரிசையாக ஜெயிக்க விட்டார்கள். பாதிரியார் வந்து, மனதில் பாரம் இருந்தால் இறக்கிவைக்கலாம் என்றார். பாரம் இருந்தது. ஆனால் பாதிரியாரின் மனைவி எவந்தியாவிடம் துணி தைக்கக் கொடுக்கிறவள். ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சிரித்துவைத்தான். இந்த நிலையிலும் என்ன தைரியம் என்று பாதிரியார் கண் கலங்கிப் போனார்.

எவந்தியா எதையும் கேட்கவில்லை. சூப்பைச் சூடாக்கிக் கொடுத்தாள். அவன் கொஞ்சம் இளைத்தும் இருந்தான். இருபது நாளில் புத்தகத்தை மூன்று முறை முடித்திருந்தானே. சாயங்காலங்களில் அவள் எதிரே நின்று, தான் சொன்ன பழைய தப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்தினான். பக்கத்துச் செல்கள் நன்றாக இருக்கட்டும் என்று ஒரு செல் தானாக உதிர்ந்துபோகும் இடம் வந்தபோது பாதியில் நிறுத்தி, அதே வரியை இன்னொரு தடவை சொன்னான். அவள் ஊசியை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். இவளிடமா பொய் சொன்னோம் என்றிருந்தது. அப்போதும் சொல்ல வாய் வரவில்லை.

பரீட்சை நாளில் இருவரும் கலமாத்தா நகரத்துக்குப் பஸ் ஏறினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறான் என்று நினைத்து, வழியனுப்ப வந்தவர்களில் பாதிப் பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

பள்ளி வாசலில் ஸ்தமாதிஸ் நின்றுவிட்டான்.

"எவந்தியா, நான் ஸ்கூல் முடிக்கவே இல்ல. உங்கப்பாகிட்ட சொன்னது பொய். உன்னை இழந்துடுவேனோன்னு பயந்து சொன்னேன். இன்னிக்கி நீ ஏதாவது தப்பா எழுதினா அது என்னாலதான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அவன் காலரைச் சரிசெய்தாள். "நேரமாச்சு, உள்ள வா," என்றாள்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் ஓர் எழுத்தர் பெண் அடையாள அட்டை கேட்டாள். எவந்தியா கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். எழுத்தர் அட்டையையும் ஸ்தமாதிஸையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டி, கையெழுத்து உங்களுடையதுதானே என்று கேட்டாள். அவனுடையதுதான். மனைவி விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுகிறவன், எந்தக் காகிதத்தையும் படித்துப் பார்த்ததில்லை. ஏதோ குளறுபடி, பரீட்சை எழுதப்போவது இவள் என்று மனைவியைக் காட்டினான்.

எழுத்தர் பட்டியலை இன்னொரு தடவை பார்த்தாள்.

"இந்த அம்மா பேரு இதுல இல்லையே ஐயா. பிப்ரவரி மாசமே வந்து உங்க பேரைத்தான் குடுத்துட்டுப் போனாங்க, இப்பவே அவருக்குச் சொல்லிடாதீங்க, பயந்துடுவார்னும் சொன்னாங்க."