நடுக்கத்துக்குத் தனி வரிசை

மனிதன் நடுங்குவதற்குச் சர்க்கார் ஒப்புக்கொண்ட காரணங்கள் மூன்றுதான்: மார்கழிப் பனி, குளிர்காய்ச்சல், மேலதிகாரி. கீழப்பழுவூர்க் கண்ணையனின் வலது கையோ இந்த மூன்றிலும் அடங்காமல், இரண்டு வருஷமாக, சித்திரை வெயிலிலும், யாருடைய அனுமதியும் இல்லாமல் நடுங்கியது. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன் கார்டு வேண்டும். கார்டுக்கு அரியலூரில் புதிதாய் முளைத்த ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும். கண்ணையன் வீட்டில் ஆறு வாய். ஒரு மாதமாக வரகுக் கஞ்சியே காய்ச்சிய மனைவி கலியம்மாள், இனி வரகு உலைப்பக்கம் வந்தால் வீட்டை விட்டுப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள்.

ஆபீசர் அரங்கநாதன் முதல் நாள் கண்ணையனைப் பார்த்துப் பூரித்துப்போனார். சுதந்திரப் பேச்சு அடிபட ஆரம்பித்ததிலிருந்து ஆபீசரைக் கண்டு நடுங்குகிற ஜனங்கள் அருகிவிட்டார்கள். இப்படியும் ஒரு பக்திமானா என்று மோர் வரவழைத்துக் கொடுத்தார். பிறகு கையெழுத்தைப் பார்த்தார். பழைய தாலுகா ரிகார்டில் நிமிர்ந்து நின்ற கண்ணையன், புதுத் தாளில் எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்துச் சிறுத்துப் போயிருந்தார். அப்படியானால் கைநாட்டு வைக்கிறேன் என்றார் கண்ணையன்.

"எழுதத் தெரிந்தவர் என்று ரிகார்டு சொல்லுகிறது. தெரிந்தவர் கைநாட்டு வைத்தால் தெரியாதவர் எதை வைப்பார்? என்னிடம் உள்ள பயம் தெளிந்தபின் வாரும்."

பயம் தெளிந்து தெளிந்து மூன்று தடவை வந்தார். மூன்றாம் தடவை ஆபீஸ் வாசலிலேயே கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டன. பின்னால் நின்றவர்கள் குடிகாரன் என்றார்கள். பாவம், முகம் மரம் மாதிரி இருந்ததே தவிர மனுஷர் உள்ளுக்குள் அழுதார்.

அப்போது ஒருவர் தன் கைத்தடியை அவர் காலுக்கு முன்னால் குறுக்கே போட்டார்.

"தரையை மறந்துடுங்க. தடியைப் பாத்துத் தாண்டுங்க."

கால் எழும்பியது, தாண்டியது. தடி போட்டவர் வாலிகண்டபுரத்து ராசாங்கம், பாரவண்டி ஓட்டியவர். அவர் கையும் ஆடிக்கொண்டிருந்தது. வேறு நாளாயிருந்தால் கண்ணையன் எந்தத் தெரு என்று கேட்டிருப்பார். அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இது நடுக்குவாதம், ஆறு வருஷமாக இதோடுதான் குடித்தனம் என்றார் ராசாங்கம். திருச்சி டாக்டர் யாரோ வெள்ளைக்காரன் பேரைச் சொன்னாராம். நம்ம கைக்கு அவன் பேரில் பட்டா என்று சிரித்தார். மருந்து பெரிசாக இல்லை, ஆனால் சந்தை நாளில் நம்மைப் போல ஐந்து பேர் கூடுகிறோம், வாங்க என்றார்.

கண்ணையன் போனார். முழங்கையை விலாவோடு அண்டக்கொடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பூசணிக்காய் அளவில் எழுதக் கற்றார். சொம்பில் பாதித் தண்ணீரே மொள்ளணும், மீதிப் பாதி எப்படியும் நமக்கில்லை என்று அந்த ஐவரில் ஒருத்தியான ஆண்டாயி சொல்லிக்கொடுத்தாள். கஞ்சி சிந்தினால் யாரும் திரும்பிப் பார்க்காத இடம் அவருக்குப் பூமியில் அது ஒன்றுதான்.

ராசாங்கம் சும்மா இருக்கவில்லை. நேரே ஆபீசரிடம் போய், இது வியாதி, பயமில்லை என்று விளக்கினார். ஆபீசர் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்படியானால் இத்தனை நாளும் இவர் என்னைப் பார்த்து நடுங்கவில்லையா?"

"மாட்டைப் பாத்தாலும் இப்படித்தாங்க ஆடும்."

மனம் நொந்த ஆபீசர் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் தீர ஆலோசித்து, மிகுந்த பரிவோடு உத்தரவிட்டது: நடுக்கம் உள்ளோருக்குத் தனி வரிசை, கையெழுத்துத் தேவையில்லை, நடுக்கத்தை அதிகாரி கண்ணால் கண்டால் அக்கணமே கார்டு.

அடுத்த சந்தைக்குள் ஊரே நடுங்கியது. மிராசுதார் வண்டியை விட்டு இறங்கும்போதே நடுங்கினார். ரஞ்சன்குடியிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி மாப்பிள்ளையோடு நடுங்கிக்கொண்டு வந்தது. நடுங்காமல் நிற்பது நாகரிகமில்லை என்று ஆகிப்போய், கார்டு வைத்திருந்தவர்களும் நடுங்கினார்கள்.

கண்ணையன் முறை வந்தது. பதறாதீங்க என்று ராசாங்கம் தோளைத் தொட்டார். கையெழுத்து வேண்டாம் என்றாலும் போட்டுப் பார்க்கும் ஆசையில், பழகியபடி முழங்கையை அண்டக்கொடுத்துப் பேனாவைப் பிடித்தார் கண்ணையன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கை சொன்ன பேச்சுக் கேட்டது. பேர் நிமிர்ந்து நின்றது. அவருக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

"கை ஆடவில்லையே" என்றார் ஆபீசர்.

"கையெழுத்து சரியா இருக்குங்களே."

"இது நடுக்க வரிசை. இங்கே கையெழுத்துச் செல்லாது."

"அப்ப அந்த வரிசைக்குப் போறேனுங்க."

"ஆள் வராததால் அதை நேற்றே மூடியாகிவிட்டது."

பின்னால் நின்ற ஜனங்கள் ஏமாத்துக்காரன் என்று கண்ணையனைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். தள்ளிய கைகளில் ஒன்றாவது நடுங்கவில்லை.

கூட வந்திருந்த கலியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்தாள். இரண்டு வருஷமாக அனுதினமும் பார்த்தவள் அல்லவா? கட்டைவிரல் ஆட்காட்டி விரலில் உருள, முகம் மரமாக, கழுத்துத் தாழ நின்றாள். ஆபீசர் எழுந்தே நின்றுவிட்டார். அந்த இடத்திலேயே கார்டு எழுதப்பட்டது: குடும்பத் தலைவி கலியம்மாள், தீராத நடுக்கம், புருஷன் கண்ணையன், திடகாத்திரம்.

மறுநாள் மத்தியானம் அரிசிச் சோறு. கண்ணையன் எடுத்த கவளம் வாய்க்கு வருமுன் மடியில் கொட்டியது. கலியம்மாள் தட்டை வாங்கி உருட்டி உருட்டி ஊட்டினாள். கதவைச் சாத்து, யாராவது பார்த்தால் வெட்கக்கேடு என்றார் அவர்.

"பாத்தா பாக்கட்டும். ஆபீசு ஆளு வந்தா மட்டும் சட்டுனு தட்டை வாங்கி எனக்கு ஊட்டி விடுங்க" என்றாள் கலியம்மாள். "நோயாளி நானு."