தூங்குமூஞ்சி மரமும் மஞ்சள் ஹெல்மெட்டும்

ஓசூர்,
ஞாயிறு மாலை

ராயக்கோட்டை தக்காளி மண்டியில் வீற்றிருக்கும் மாப்பிள்ளை அசோக்குமாருக்கு மாமா சௌந்தரராஜன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே நீயும் பிள்ளைகளும் தக்காளி விலையும் சுகம்தானே?

"ரிட்டயர் ஆன ஆளு பேச்ச வீட்லயே கேக்க மாட்டாங்க, நீங்க மரத்தக் காப்பாத்தப் போறீங்களா மாமா?" என்று போனில் சிரித்தாயே, இப்போது கேள். எதிர்வீட்டு ஹரீஷ்குமார், தன் புதுக் காரில் காக்கை எச்சமிடுகிறது என்று எங்கள் வாசல் தூங்குமூஞ்சி மரத்தை வெட்ட நாளைக்கு ஆள் சொல்லிவிட்டான். அந்த நிழல் போனால் பகல் முழுக்க நான் எங்கே உட்காருவேன்? ஞாயிறுதோறும் ஆட்களைச் சைக்கிளில் கூட்டிப்போய் ஊரின் பேர்பெற்ற மரங்களைக் காட்டும் சுப்ரியா என்ற பெண்ணிடம், எங்கள் மரத்தையும் சேர்த்துக்கொள்ளம்மா, நாலு பேர் பார்த்த மரத்தை வெட்டக் கூசுவான் என்று கெஞ்சினேன். "ரூட்டு ஃபிக்ஸ் பண்ணியாச்சு அங்கிள். வேணும்னா நீங்க வாங்க" என்றாள்.

இன்று காலை போனேன். உன் அக்கா ரோட்டு லாரிகளுக்குப் பயந்துபோய், நான் வேலை பார்த்த கம்பெனியில் கொடுத்த மஞ்சள் ஹெல்மெட்டையும் பளபளக்கும் ஜாக்கெட்டையும் மாட்டிவிட்டாள். ஆலமரம் பார்த்தோம், அரசமரம் பார்த்தோம், என் செயின் கழன்றது, மாட்டினேன், மறுபடி கழன்றது. பாகலூர் ரோட்டில் யாருக்கோ பஞ்சராகி சுப்ரியா பின்தங்க, போதுமடா சாமி என்று கையைக் காட்டி வீட்டுப் பக்கம் திரும்பினேன். வந்தவர்களில் முக்கால்வாசி கம்பெனி ஆட்கள். வேலையிடத்தில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட சேஃப்டி ஆள் கை காட்டினால் கேள்வி கேட்காமல் அந்தப் பக்கம் போய்ப் பழகியவர்கள். திரும்பிப் பார்த்தால் அத்தனை சைக்கிளும் என் பின்னால்! கண்டெய்னர் லாரிகூட நின்று வழிவிட்டது.

விடுவேனா? நேரே எங்கள் மரத்தடிக்குக் கூட்டிவந்து, சுப்ரியா சொல்வது போலவே, மரத்தைத் தொட்டுக் கண்ணை மூடுங்கள் என்றேன். மூடினார்கள். எங்கள் தெருவில் பூக்கட்டும் திருநெல்வேலி பேச்சியம்மாள் எட்டிப் பார்த்து, "எய்யா, இத்தன பேரு கும்புடுதாவளே, மரத்துல சாமில்லா இருக்கு!" என்று மஞ்சள் துணி சுற்றிக் குங்குமம் வைத்துவிட்டாள். ஹரீஷ்குமாரின் அம்மாவே கன்னடத்தில் தோத்திரம் சொல்லிக் கற்பூரம் ஏற்றினார். ஹரீஷ்குமார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மூச்சிரைக்க வந்து சேர்ந்த சுப்ரியா, "இனிமே இதுவும் ரூட்ல உண்டு அங்கிள்" என்றாள். மாப்ள, ஜெயிச்சிட்டேன்யா! இனி இதுமேல எவன் கோடாலி வெப்பான்? தெருவே கூடிக் கோயில் கமிட்டி போட்டு என்னையே தலைவராக்கிடுச்சு.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். மண்டி நிறைந்து நீயும் நிறைந்து வாழ்க.

இப்படிக்கு,
நீ சிரித்த அதே மாமா

பி.கு.: உறையை ஒட்டுமுன் கமிட்டி கூடிவிட்டது. சாமி வெயிலிலும் மழையிலும் நிற்பது பாவமாம். கான்கிரீட் மண்டபம் கட்டப்போகிறார்கள். கூரைக்குக் கிளைகள் இடைஞ்சல் என்பதால், குங்குமம் வைத்த அடிமரத்தை மட்டும் விட்டுவிட்டு மேலே எல்லாவற்றையும் நாளைக்கு வெட்டுகிறார்கள். ஆள் ஏற்கனவே சொல்லியாயிற்று. சிமெண்ட் ஹரீஷ்குமார் உபயம். தலைவர் என்ற முறையில் முதல் வெட்டு என் கையால்தான் என்கிறார்கள்.