நாலு செகண்ட் கடல்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: என் பாட்டைக் கெடுத்தது நான்தான். வேறு யாரும் அதைக் கெடுக்க முன்வரவில்லை.

இருபத்து மூன்று வயதில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றபடி நான் எழுதி, மெட்டமைத்து, பாடிய பாட்டு ‘சில்லறை இல்ல கண்டக்டரே’. துள்ளல் பாட்டு. மதுராந்தகத்திலிருந்து கேளம்பாக்கம் வரை அந்த வருஷம் அது ஒலிக்காத ஷேர் ஆட்டோ இல்லை. அதன் பின்னாலேயே இன்னும் மூன்று பாட்டுகள் சுமாராக ஓடின. ஒரே சிக்கல், வெளியிட்ட ஆடியோ கம்பெனிக்காரர்கள் எங்கெங்கே கையெழுத்துப் போடச் சொன்னார்களோ அங்கெல்லாம் போட்டுவிட்டேன். (படித்துப் பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். பேனா நன்றாக இருந்தது.) எழுத்தும் மெட்டும் எனக்கு, பதிவான குரல் அவர்களுக்கு என்பதைப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு வக்கீல் நண்பன் விளக்கினான்.

“அதனால இன்னா மச்சான், திரும்பப் பாடிடு. புதுசா எடுத்தா அது உன்னுது” என்றான்.

பழைய பாட்டு நான்கு, புதுப் பாட்டு மூன்று. ஆல்பத்துக்கு ‘மறுபடியும் நான்’ என்று பெயர் வைத்தேன். பெயரைக் கேட்டதும் என் மனைவி கல்பனா, “யாரு கேட்டாங்க?” என்றாள்.

சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கும் என் மாமனார் தொழிற்சாலைகளுக்குக் கேன்டீன் நடத்துபவர். அவர் மறுப்புச் சொல்லவில்லை. நிபந்தனைதான் சொன்னார்.

“பாடுங்க மாப்ள. ஆனா ஆல்பம் போணியாவலன்னா கேன்டீனுக்கு வந்துடணும். சூப்பர்வைசர் சேர் காலியா கீது.”

இன்னொரு பக்கம், மாமல்லபுரத்தில் கடலோர ரிசார்ட் ஒன்றின் மேனேஜர், வெளியீட்டு விழாவைத் தங்கள் புல்வெளியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். கூட்டம் ரசித்தால் வருஷம் முழுக்கச் சனிக்கிழமை மாலை மேடை எனக்கு. ஆக, ஒரே சாயங்காலத்தில் முடிவாகிவிடும்: மேடையா, சாம்பாரா?

ஸ்டூடியோவில் பாடியிருந்தால் பிழைத்திருப்பேன். ஆனால் எனக்கு அப்போது முப்பத்தைந்து வயதாகி, கலைஞன் என்கிற நினைப்பு முற்றியிருந்தது. பாட்டுக்குள் நிஜமான கடல் கேட்கவேண்டும் என்று மாமல்லபுரத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். அங்கிருந்து கடல் தெரியாது. யாரும் பேசாமல் இருந்தால் கேட்கும். மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் தெரிந்தது, பக்கத்து மனை சிற்பக் கூடம் என்று. ஆறு உளிகள், இரண்டு கல் அறுக்கும் மெஷின்கள். (மாமல்லபுரத்தில் வீடு பார்க்கப் போனவன் பக்கத்தில் யார் என்று விசாரிக்கவில்லை. அதுவும் நான்தான்.)

கூடத்தை நடத்தும் சேகருக்கு என் வயதுதான். கெஞ்சுவதற்காகப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“கண்டக்டரு பாட்டு நீயா? அத்த கேட்டுகினேதான்பா நாலு புள்ளையாரு செஞ்சேன்!”

ஒப்பந்தம் சுலபமாக முடிந்தது. மாடிக் கொடியில் நான் சிவப்புத் துண்டு போட்டால் எல்லாரும் உளியைக் கீழே வைக்கவேண்டும், எடுத்தால் வேலை தொடரும். பதிலுக்குச் சேகர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் மதிலோரம் உட்கார்ந்து கேட்கலாமா? தாராளமாக என்றேன். சத்தம் போடாத ரசிகர்கள் யாருக்குக் கிடைப்பார்கள்?

பதிவு செய்ய வந்தவன் டில்லி. அச்சரப்பாக்கத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் நண்பன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் பார்ட்டி சொன்னதைச் செய்வான், ஏன் என்று கேட்கமாட்டான்.

இப்போது என் மேதமைக்கு வருகிறேன். பழைய பாட்டை அப்படியே பாடினால் வளர்ச்சி எங்கே? துள்ளலை எடுத்துவிட்டேன். சில்லறை இல்லாத பையன் கண்டக்டரிடம் வழிவதை, சொத்தெல்லாம் போனவன் கடவுளிடம் அழுவதைப் போல இழுத்தேன். நடுவில் “கண்டக்டரே...” என்று ஒரு பெருமூச்சு. பிறகு நாலு செகண்ட் மௌனம். அந்த மௌனத்தில் கடல் மட்டும் கேட்கும். அதைப் பாடும்போது என் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. காதை இறுக்கும் ஹெட்போன் போட்டிருந்ததால் என்னைத் தவிர வேறெதுவும் எனக்குக் கேட்கவில்லை.

விழாவன்று காலை எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து பதிவைக் கடைசியாகக் கேட்டுப் பார்த்தேன். கீழே கல்பனாவின் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. மௌனத்தில் கடல் கேட்கவில்லை. டில்லிக்குப் போன் போட்டேன்.

“மச்சான், அந்த நாலு செகண்டை மட்டும் நல்லா ஏத்து. கடல் வந்து மூஞ்சியில அடிக்கணும்.”

“ஏத்திடறேன். ஏத்திட்டு அப்படியே எல்லா பாட்டு ஆப்லயும் விட்டுடறேன். இங்க அம்மன் கோயில்ல கொழா ஸ்பீக்கர் கட்டிகினு கீறேன், பேஜாரா கீது.”

ஞாயிற்றுக்கிழமை. ராகுகாலம் முடியட்டும் என்று ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு விழா. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து இரண்டு வேனில் சொந்தக்காரர்கள். முதல் வரிசையில் மாமனார், பக்கத்தில் மேனேஜர், அடுத்து வெள்ளை வேட்டியில் சேகரும் அவர் ஆட்களும். முதலில் பதிவை ஒலிக்கவிட்டுப் பிறகு நேரில் பாடுவதாக ஏற்பாடு. நான் மேடை நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். “கண்டக்டரே...” என்ற இடம் வந்ததும், வீட்டில் கண்ணாடி முன் பழகியபடி, வலது கையைக் கடல் பக்கம் மெல்ல உயர்த்தினேன்.

நான்கு பெரிய ஸ்பீக்கர்களிலிருந்தும் ஒரு குரல் முழங்கியது.

“இன்னாபா இது, பழசு மாரி இல்லியே?”

இன்னொரு குரல்: “கம்முனு இரு நைனா, ரெக்கார்டு ஆவுது.”

மூன்றாவது குரல்: “டீ வந்துச்சா?”

பிறகு நான் மறுபடி அழத் தொடங்கினேன், ஸ்பீக்கரில்.

இதில் கொடுமை என்னவென்றால், என் கை இன்னும் உயர்ந்தே இருந்தது. அந்த மூன்று குரல்களையும் நான்தான் கைகாட்டி வரவழைத்ததுபோல் இருந்ததாம், பின்னால் சொன்னார்கள். கண்ணைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒருவழியாகத் திறந்தபோது முன்வரிசையிலிருந்து சேகர் துள்ளி எழுந்தார்.

“யோவ், அது என் கொரலுயா!”

அவ்வளவுதான். இரண்டு வேன் சொந்தமும் வெடித்தது. மாமனார் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். கல்பனா முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து இரண்டு நொடி உருகினேன். இல்லை. டில்லி மட்டும் சிரிக்கவில்லை. சவுண்ட் மிக்சர் பக்கத்தில் நின்று எனக்குச் சைகையில் விளக்கினான்: கம்ப்யூட்டர் திரையில் அந்த இடத்தில் ஒரு சின்ன மேடு தெரிந்ததாம். அலை என்று நினைத்து அதையும் சேர்த்து ஏற்றிவிட்டானாம்.

மன்னிப்புக் கேட்க மைக்கைப் பிடித்தேன். சேகரே காப்பாற்றினார்.

“கோச்சிக்காதபா. நாங்க ஒத்துகினபடி உளிய நிறுத்திட்டோம், வாயத்தான் நிறுத்த முடியல. ஒரே ஒரு வாட்டி பழசு மாரி பாடிடேன்!”

பாடினேன், வேறு வழியில்லாமல், பழைய வேகத்தில். இரண்டாவது வரியில் கூட்டம் எழுந்தது. மூன்றாவது வரியில் மாமனாரே ஆடினார். மேனேஜர் கையைக் குலுக்கி, சனிக்கிழமை மேடை உங்களுக்குத்தான் என்றார். “ஆனா சார், அந்த நாலு செகண்டு கண்டிப்பா வேணும்.”

ஆல்பத்தின் கதை வேறு. அந்த நாலு செகண்டைக் கேட்டவர்கள் அப்படி என்னதான் இருந்தது பழசில் என்று தேடிப் போய்ப் பழைய பதிவைக் கேட்டார்கள். கேட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆடியோ கம்பெனியிலிருந்து எனக்கு நன்றி சொல்லி ஒரு செய்தி வந்தது, பூங்கொத்துப் படத்தோடு. மூன்று புதுப் பாட்டுகளை என் அம்மா கேட்டார்கள். (இரண்டை என்று பிறகு திருத்திச் சொன்னார்கள்.)

மாமனார் நியாயஸ்தர். “போணியானது பழசுதான மாப்ள? ஆல்பம் ஆவலியே” என்று தீர்ப்புச் சொன்னார். எனவே சனிக்கிழமை மேடை, மற்ற நாள் கேன்டீன். மேடையில் “கண்டக்டரே...” என்று நிறுத்திக் கையைத் தூக்கினால், மீதியைக் கூட்டமே கத்துகிறது. டீ வந்துச்சா என்பது வரைக்கும்.

அந்தக் கையைத்தான் என் குடும்பம் விடமாட்டேன் என்கிறது. கல்பனா புதுப் புடவை கட்டி வந்து நின்றால் என் மகள் கண்ணை மூடிக் கையை உயர்த்துவாள். கேன்டீனில் மாமனாரே அதைச் செய்கிறார். நான் பொறுப்பேற்ற முதல் நாள், சாம்பாரை ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். வலது கை மெல்ல உயர்ந்தது. சமையல்கட்டில் பன்னிரண்டு பேர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

“பழசு மாரியே கீது மாப்ள” என்றார்.

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விமர்சனம் அது. சாம்பாருக்குக் கிடைத்தது.