வாயால் ஓடிய லேத்து

வாயாலேயே இரும்பு கடைந்த மனிதர் இந்த உலகத்தில் எங்கள் லேத்து சார் ஒருவர்தான். நம்பாதவர்கள் நல்லம்பள்ளியில் டவுன் பஸ் ஏறி எங்கள் அரசுப் பள்ளிக்கு வந்து, வாட்ச்மேனிலிருந்து தலைமையாசிரியர் வரை யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

மேல்நிலை வகுப்பில் தொழிற்கல்விப் பிரிவு என்று ஒன்று உண்டு. மார்க் குறைந்த பிள்ளைகளை நாங்கள் கூசாமல் தள்ளிவிடும் இடம் அது. அதற்கென்று ஒரு ஷெட், ஷெட்டுக்குள் ஒரு லேத்து, லேத்துக்கு ஒரு சார். இரும்புக் கம்பியைச் சுழலவிட்டுச் சீவும் அந்த இயந்திரம் மும்முனை மின்சாரத்தில்தான் ஓடும். எங்களுக்கு இருந்ததோ ஒருமுனை. அதில் மின்விசிறியே யோசித்து யோசித்துத்தான் சுற்றும். சார் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஒவ்வொன்றும் அடுத்ததைக் கை காட்டியது.

அதற்காகப் பாடத்தை விட முடியுமா? சார் ஸ்விட்சைத் தட்டுவார். தட்டிய கையோடு வாயால் "டுர்ர்ர்" என்று ஆரம்பிப்பார். பையன் கைப்பிடியைத் திருகி டூலைக் கம்பியில் கொண்டுபோய் வைத்ததும் "கிரீ...ச்" என்பார். அடுத்த அறையில் நான் கணக்குப்பதிவியல் நடத்திக்கொண்டிருப்பேன். ஐந்தொகையின் இரண்டு பக்கமும் சமமாகும் நேரம் பார்த்துத்தான் அவருக்கு இரும்பு சீவ வரும். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் போய்க் கேட்டேன்.

"சார், கொஞ்சம் மெதுவா ஓட்டக் கூடாதுங்களா?"

"ஸ்பீடு கொறைச்சா ஃபினிஷிங் வராதுங்க டீச்சர்."

மனிதர் சிரிக்கக்கூட இல்லை.

இயந்திரத்தைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருந்தார். தலைமையாசிரியர் ஒருமுறை தோளில் துண்டோடு கோட்டைத் தாண்டிவிட்டார். "ஐயா, துண்ட எடுத்துருங்க. மிஷின்ல சுத்திக்கும்" என்று சார் பதறினார். துருப்பிடித்து நின்ற இயந்திரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலைமையாசிரியர் மறுபேச்சில்லாமல் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மாதேஷ் என்ற பையன் "ஓடும்" மிஷினில் விரலை நீட்டிவிட்டான். "போச்சுடா உன் வெரலு" என்று சார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்று முழுக்க அவன் அந்த விரலை மடக்கியே வைத்திருந்து, சத்துணவுச் சாப்பாட்டை மிச்ச விரல்களால் அள்ளிச் சாப்பிட்டான்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தார். இன்றைக்கு மானம் கப்பலேறப் போகிறது என்று நான் ஜன்னலோரம் நின்றேன். மாதேஷ் ஸ்விட்சைத் தட்டி, தானே "டுர்ர்ர்" என்று ஓட்டினான்.

தேர்வாளர் காதைக் கொடுத்துக் கேட்டார். "சத்தம் ஜாஸ்தியா வருதே?"

"பெல்ட்ட மாத்துடா" என்றார் சார். மாதேஷ் சத்தத்தைக் குறைத்தான். தேர்வாளர் தலையாட்டிவிட்டு மார்க் போட்டார். வெளியே டீயை வாங்கிக்கொண்டு என்னிடம் மெல்லச் சொன்னார்: "எங்க ஸ்கூல்ல ட்ரில்லிங் மிஷினு இப்படித்தாங்க மேடம் ஓடுது."

வயிறு வலிக்கச் சிரித்தேன். ராத்திரி நினைத்துப் பார்த்தபோது அழுகைதான் வந்தது. இந்தச் சத்தத்தை நம்பித்தானே பிள்ளைகளை அனுப்புகிறோம்?

மாதேஷ் ஒசூரில் ஒரு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கிருந்து போன் செய்தபோது சார் ஸ்பீக்கரில் போட்டார். "இங்க எல்லாம் கம்ப்யூட்டர் மிஷினுங்க சார். சத்தமே வர்றதில்ல. என்னிய பொட்டி அடுக்க உட்டுட்டாங்க."

"செரி கண்ணு. வெரலு பத்திரம்" என்று வைத்துவிட்டார். அன்று ஷெட்டில் இயந்திரம் ஓடவில்லை. சாயங்காலம் என்னிடம் சொன்னார்: "நம்ம பசங்க ஒரே ஒருக்கா இது நெசமா சுத்தறத பாத்துட்டுப் போவணும் டீச்சர். வேற ஒண்ணும் வேணாங்க எனக்கு."

மும்முனை மின்சாரம் கடைசியில் வந்தே விட்டது, போர்வெல் மோட்டாருக்காக. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சேர ஆளில்லாததால் பிரிவை மூடும் உத்தரவும் கூடவே வந்தது. லேத்தை ஏற்றிப்போகப் பழைய இரும்புக்காரர் வண்டியோடு வந்து நின்றார்.

"ஒருக்கா ஓட்டிக்கறேங்க" என்று சார் கேட்டார். எலக்ட்ரீஷியன் வயரை இழுத்துக் கொடுத்தார். பரீட்சை முடித்திருந்த கடைசி வருடத்துப் பையன்கள் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். சார் சாமி கும்பிட்டு ஸ்விட்சைத் தட்டினார். மோட்டார் ஒருமுறை முனகியது. கொஞ்சம் புகை வந்தது. அவ்வளவுதான்.

சார் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இத்தனை வருடத்தில் அவருக்குச் சத்தம் வராமல் போனது அன்றைக்குத்தான்.

பின்னாலிருந்து ஒரு பையன் "டுர்ர்ர்" என்றான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஷெட்டே அதிர்ந்தது. இரும்புக்காரர் ஒன்றும் புரியாமல் தோளில் துண்டோடு கோட்டைத் தாண்டி வந்தார்.

"துண்ட எடுத்துருங்க. மிஷினு ஓடுது" என்றார் சார்.

அவரும் எடுத்துவிட்டார். சார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஸ்விட்சை அணைத்தார். பையன்கள் நிறுத்தினார்கள்.

"இப்ப தூக்கிக்கிங்க."

சாரை எங்கோ வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். என் பாடம் இப்போது கடைசி பெஞ்சு வரை துல்லியமாகக் கேட்கிறது. ஐந்தொகை சமமாகும் இடம் வந்தால் மட்டும், அந்த ஒரு "கிரீச்"சுக்காகப் பேச்சை நிறுத்திச் சுவரைப் பார்க்கிறேன்.