ஜன்னல் இல்லாத தெரு

கடல் தாண்டி வந்த துரைமார்களின் சாம்ராஜ்யத்தை, வரி ஆபீஸில் உட்கார்ந்து ஒற்றைப் பேனாவால் தாங்கிப் பிடித்திருக்கும் என் அருமை மருமகனுக்கு, தையற்கடை மாமன் ஆசி கூறி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் நினைக்கிறேன். முகம் பார்த்துச் சொல்ல வீட்டில் வெளிச்சம் இல்லை.

காரணம் உங்கள் ஆபீஸ்தான். தெருவைப் பார்த்த ஜன்னலுக்கெல்லாம் வரி, கட்டாவிட்டால் சாமான் பறிமுதல் என்று உத்தரவு போட்டீர்களே! என்னிடம் சாமான் என்றால் தையல் மெஷின் ஒன்றுதான். அது போனால் அடுப்பு எரியாது. சூரியன் என்ன துரை வீட்டுக் கொல்லையிலா விளைகிறான், அவனுக்கு நான் ஏன் கப்பம் கட்ட வேண்டும் என்று முழங்கினேன். எட்டு ஊருக்குக் கேட்டிருக்கும். உடனே கொத்தனாரைக் கூப்பிட்டு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தேன். அதைப் பார்த்துப் பக்கத்துச் சலூன்காரர், எதிர்வீட்டு வாத்தியார் என்று ஒருவர் பாக்கியில்லாமல் அடைக்க, தெருவே கோட்டை மதிலாகிவிட்டது. உள்ளே ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. மெஷினைத் தூக்கி நடுத்தெருவில் போட்டேன். சலூன்காரர் நாற்காலியைப் போட்டார், வாத்தியார் கரும்பலகையைச் சாத்தினார், உன் அத்தை அடுப்பையே கொண்டுவந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் எண்ண வந்தது துரையின் குதிரைவண்டி. முன்னே போக வழியில்லை, பின்னே திரும்ப இடமில்லை. நின்ற நிலையில் குதிரைக்குப் பதினாறாம் வாய்ப்பாடு மனப்பாடமாகிவிட்டது.

"எங்கய்யா ஜன்னல்?" என்று அதட்டினார் கூட வந்த சேவகர்.

"அதத்தாங்க நாங்களும் தேடுறோம்" என்றாள் உன் அத்தை, அடுப்பை ஊதிக்கொண்டே. "துரை ஆசப்பட்டாரேன்னு யாராச்சும் கழட்டி அனுப்பிட்டாங்களோ என்னமோ. ஆபீஸ்ல பாருங்க."

"மெஷினைத் தூக்கு!" என்றார் துரை.

"தாராளமா தூக்குங்க. ஜன்னலே இல்லாத வீட்டுக்கு என்ன வரி பாக்கின்னு மட்டும் சொல்லிட்டுத் தூக்குங்க" என்றேன் நான்.

துரையின் முகம் சிவந்த சிவப்பில் வீட்டுக்குள் வரை வெளிச்சம் அடித்தது. அது அணைவதற்குள் உள்ளே ஓடி ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துவிட்டேன். பிறகு குதிரையை அவிழ்த்து, வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆகவே மருமகனே, ஒரு சாம்ராஜ்யம் எங்கள் தெருவில் புறமுதுகு காட்டிவிட்டது. மிச்சமும் இடிந்து உன் தலையில் விழுமுன் வேலையை ராஜினாமா செய். சகல சௌபாக்கியங்களோடும், போதுமான காற்றோட்டத்தோடும் நீடூழி வாழ்க!

இப்படிக்கு,
துரைத்தனத்தின் தையலைப் பிரித்த உன் மாமன்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் சேவகர் மறுபடி வந்து உத்தரவு வாசித்துவிட்டுப் போகிறார். ஜன்னல் வரி ரத்தாம். இனிமேல் தெருவைப் பார்த்த சுவருக்குத்தான் வரியாம். ஜன்னல் அளவைக் கழித்துக்கொள்வார்களாம். எங்கள் தெருவைப் போல் ஒரு பொத்தல்கூட இல்லாத சுவர் இந்த ராஜ்யத்திலேயே கிடையாது. நாளைக்கு அளக்க வருகிறார்கள். கொத்தனார் வீட்டு வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. நீ ராஜினாமா கிஜினாமா என்று எதுவும் செய்து தொலைக்காதே. லீவு போட்டுவிட்டு, கடப்பாரையோடு ஓடி வா.